ஒரு வரி எழுதியிருக்கலாம்

பக்கெட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மனைவி வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டைக் கசக்கிக்கொண்டிருந்தான் கணவன். காலரில் இருந்த மைக்கறையை ஒரு கை பார்க்காமல் விடுவதாக இல்லை.

குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். தன் கைக்குட்டையைக்கூட இதுவரை நனைத்தறியாத மனுஷன்!

"மெஷினைச் சரி பண்ண ஆளைக் கூப்பிடலாம்ல?"

"அதுக்கு எதுக்கு ஆளு? எனக்குக் கை இல்லையா?" என்று சிரித்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்புதான் அவளைக் கொன்றது.

எல்லாம் அந்த மெயிலால் வந்த வினை.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். கூட்டமில்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் எது கண்ணில் பட்டாலும், லிங்கை மட்டும் எடுத்துக் கணவனின் ஆபீஸ் மெயிலுக்குத் தட்டிவிடுவாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை இருக்காது.

"கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. இது இன்னதுன்னு ஒரு வரி எழுதினா விரல் தேஞ்சா போயிடும்?" என்று அவனும் தலைபாடாக அடித்துக்கொள்வான்.

போன மாதம் வாஷிங் மெஷின் நின்றது. அதே வாரம் வீட்டில் பெரிய சண்டை. "உங்களுக்கு இது வீடா, லாட்ஜா? படுக்க வர்றீங்க, விடிஞ்சா கிளம்பிடறீங்க!" என்று கத்திவிட்டு வேலைக்கு வந்தவள், ஆத்திரத்தில் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். பக்கத்திலேயே மெஷின் ரிப்பேர் கடையின் பக்கமும் திறந்து கிடந்தது. கடையின் லிங்கை அவனுக்கு அனுப்பினாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஆளே தலைகீழ். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினான். பாத்திரம் தேய்த்தான். "அம்மா, இப்பல்லாம் ஸ்கூல் விட்டு வந்தா அப்பா கேட்ல நிக்கிறார்!" என்று மகள் துள்ளினாள். நாம் போட்ட சத்தம் நன்றாக உறைத்திருக்கிறது என்று அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி இன்று மத்தியானம்வரைதான். கடையின் நம்பர் வேண்டி, தான் அனுப்பிய மெயிலைத் திறந்தாள். அதில் இருந்தது கடையின் லிங்க் இல்லை. திறந்து பார்க்கவே வேண்டாம், நீளமான அந்த லிங்கின் வாலிலேயே ஆங்கிலத்தில் பச்சையாக எழுதியிருந்தது: தனியாக வாழும் பெண்களுக்கு உடனடி வாடகை அறை.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அடிப் பாவி! 'மெஷின் கடை'ன்னு கூட ஒரு வரி எழுதியிருந்தா, ஏதோ மாறிப்போச்சுன்னு அவருக்கே புரிஞ்சிருக்கும். வெறும் லிங்கைப் பாத்தா என்ன நினைப்பார்?"

"எது அனுப்பினாலும் 'இது என்ன'ன்னு கேட்டுப் பதில் போடுவார்க்கா. இதுக்கு மட்டும் போடவே இல்ல."

"எப்படிடி போடுவார்? பொண்டாட்டி கிளம்பிடுவாளோன்னு பயந்து பயந்து வேலை செஞ்சிட்டிருக்கார் மனுஷன். போய் முதல்ல வாயைத் திற."

வாயைத் திறக்கத்தான் இப்போது குளியலறை வாசலில் நிற்கிறாள். சட்டென்று அவன் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, சோப்பு நுரையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. அந்த ரூம் லிங்க்... கோபத்துல தேடினது. கை தவறி உங்களுக்கு வந்துடுச்சு. சத்தியமா நான் உங்களை விட்டு எங்கயும் போகமாட்டேன்."

அவன் விழித்தான். "ரூமா? எந்த லிங்க்?"

"நடிக்காதீங்க. போன மாசம் உங்க ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பினேனே."

"நான் பாக்கலையே."

"பாக்காமத்தான் பாத்திரம் தேய்க்கிறீங்களா? பாக்காமத்தான் துணி துவைக்கிறீங்களா? என் மனசு நோகக்கூடாதுன்னு நீங்க பொய் சொல்றதைத்தான் என்னால தாங்க முடியல!"

அவன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டான். குழாயைத் திருகி மூடினான். முகத்தை அவள் பக்கம் திருப்பாமலே சொன்னான்.

"என்னை வேலையை விட்டு அனுப்பினப்பவே அந்த மெயிலையும் பூட்டிட்டாங்கம்மா."