முதலிடக் குஞ்சு

பறக்கும் பந்தயத்தில் காக்கை அணி ஏழு வருடமாக மைனாக்களிடம் தோற்று வந்தது. இந்த முறையும் தோற்றால் வேப்பமரத்தைக் காலி செய்ய வேண்டும்.

அண்டங்காக்கையும் மணிக்காக்கையும் கூடு கூடாகப் போய்க் குஞ்சுகளைத் தரம் பிரித்தன.

"மூணாவது கூட்டுக்காரன்தான் முதலிடம். வாயைப் பாருங்க மச்சான்!" என்றது மணிக்காக்கை.

"வாயா மாப்ளே பறக்கப் போகுது?" என்றது அண்டங்காக்கை. ஆனாலும் அதுவும் தன் பங்கு இரையை அந்த வாயில்தான் போட்டது.

பந்தய நாளில் முதலிடக்காரன் கிளையில் நின்று "கூ" என்று கூவிவிட்டு, குயில்களோடு போய்விட்டான். மற்ற குஞ்சுகளுக்குப் பசியில் இறக்கை எழும்பவில்லை.

காக்கைகள் பூவரச மரத்துக்குக் குடிபோயின. அடுத்த வருடம் ஒரு கூட்டை எட்டிப் பார்த்த மணிக்காக்கை கத்தியது: "மச்சான், ஓடி வாங்க! இந்த ஒரு முட்டையில மட்டும் புள்ளியே வேற மாதிரி இருக்கு!"

அண்டங்காக்கை உற்றுப் பார்த்தது.

"அவனையே முதலிடத்துல வை மாப்ளே" என்றது.