மாப்பிள்ளை கேட்ட மெஷின்

கருத்தக்கண்ணன் கடப்பாரையோடு வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் லோடு ஆட்டோவிலிருந்து நாலு ஆட்கள் குதித்தார்கள். ஒருவன் தோளில் வடக்கயிறு.

மாடி ஜன்னல் வழியாகப் பார்த்த மன்சூர் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். "ஹுமா, பழங்காநத்தத்துக்காரரு ஆளோட வந்துட்டாரு. நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிரு."

தங்கை ஹுமா எட்டிப் பார்த்தாள். "கயிறு பெட்டியத் தூக்குறதுக்கா இருக்கும்ண்ணே."

"அப்ப கடப்பாரை?"



கோரிப்பாளையத்தில் அந்த மாடிதான் அவர்களுடைய கம்பெனி. ராப்பகலாகக் கணக்குப் போட்டுப் பிட்காயின் எடுக்கிற பெட்டி செய்கிறார்கள். அந்த ஒரு வேலைக்கென்றே ஹுமா வரைந்து, வெளிநாட்டில் கொடுத்துச் செய்து வாங்கிய சிப்பு அதற்குள் இருக்கிறது. அந்த மாதிரி சிப்புக்கு ஏசிக் என்று பேர். அதனால் பெட்டியும் ஏசிக் மெஷின் ஆகிவிட்டது.

முன்பதிவு செய்தவர்களுக்குப் போன சித்திரைத் திருவிழாவுக்குள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதலில் வந்த சிப்பு வேலை செய்யவில்லை. அடுத்து வந்தது வேலை செய்தது, ஆனால் அதற்குள் உலகத்தில் இதைவிட வேகமான பெட்டிகள் வந்துவிட்டன. இப்போது இது எடுக்கிற காயினைவிடத் தின்கிற கரண்டு அதிகம். புத்தியுள்ளவர்கள் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சம் இருப்பவர் கருத்தக்கண்ணன் ஒருவர்தான். மழைக்காலம் முழுக்க அவரிடமிருந்து சத்தமே இல்லை. பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் போன்.

ஹுமா முடிவாகச் சொல்லியிருந்தாள். "நான் வரைஞ்ச சிப்பு ஒரு வீட்டுலயாவது ஓடணும்ண்ணே. இந்த ஆளும் வேணாம்னுட்டா நான் பெங்களூரு வேலைக்குப் போயிருவேன். நீ வாப்பா கடையில கோழி உரிக்கப் போ."

கருத்தக்கண்ணன் படியேறி வந்து கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். "தம்பி, மெஷினு இருக்கா, இல்ல இன்னைக்கும் கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கா?"

"இருக்குண்ணே. ரெடி."

"பொழச்சேன். எம்மக மீனாவுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. மாப்ள சென்னையில கம்ப்யூட்டர் வேலை. அந்த மெஷினு இல்லாத வீட்டுல ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன்னுட்டாரு. இன்னைக்கு மறுவீட்டுக்கு வாராரு."

கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்றதும் மன்சூருக்கு உயிர் வந்தது. விவரம் தெரிந்தவர்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, மறைக்க விரும்பல. இது கரண்டு ரொம்ப இழுக்கும்."

"இழுக்கத்தான செய்யும். தெருவுல எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான்."

"சத்தமும் போடும்."

"என் கொறட்டைய விடவா?"

"வரும்படின்னு பெருசா ஒண்ணும் வராதுண்ணே."

"மாப்ளைக்குச் செய்றதுல வரும்படி பாக்க முடியுமா தம்பி? நல்ல ஆளுய்யா நீ."

ஹுமா மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கடப்பாரை எதுக்குண்ணே?"

"மாடி ரூம்பு சுவத்துல மெஷினுக்கு ஓட்டை போட்டுட்டு அப்படியே வாரேன். பெட்டி அளவு பாத்துட்டு, பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் இடிச்சுக்கலாம்."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷினின் சூடு வெளியே போகச் சுவரில் வழி விடுங்கள் என்று மற்ற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஹுமா படம் போட்டே காட்டியிருக்கிறாள். ஒருத்தர் காதிலும் ஏறியதில்லை. இந்த மனிதர் சொல்லாமலே இடித்திருக்கிறார்.

"இவருதாண்ணே நம்ம கஸ்டமரு," என்று கிசுகிசுத்தாள். கண் கலங்கியிருந்தது.

பெட்டி அரிசி மூட்டைக் கனம். பழங்காநத்தத்தில் அதைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றியது நாலு பேர், இப்படிப் பிடி அப்படிப் பிடி என்று சொன்னது தெருவே.

மாடி அறையில் புதுக் கட்டிலில் மாப்பிள்ளை உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். மீனாவின் அம்மா ஒச்சாயி பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மன்சூர் காற்றாடி இருக்கிற பக்கத்தைத் தெருவைப் பார்த்துத் திருப்பினான். கருத்தக்கண்ணன் அதை மறுபடி உள்பக்கம் திருப்பச் சொன்னார்.

"காத்து வர்ற பக்கம் மாப்ளையப் பாத்து இருக்கட்டும் தம்பி."

மாப்பிள்ளை விவரமானவர், பிறகு சரிசெய்துகொள்வார் என்று மன்சூர் விட்டுவிட்டான். ஹுமா வயரைச் செருகினாள். பெட்டி பஸ் மாதிரி உறுமியது. சின்னத் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. அவள் வரைந்த சிப்பு முதல் தடவையாக ஒரு வீட்டில் ஓடியது.

மீனா ஓடிப்போய் ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். ஒச்சாயி கதவிடுக்கில் துணியைத் திணித்தாள்.

அடுப்பைத் திறந்தாற்போல அனல் அடித்தது. ஒச்சாயி வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் பெட்டியையே உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"எல்லாம் சரி தம்பி, ஏசிக்கு ரிமோட்டு எங்க?"