ஒரே ஒரு கொட்டேஷன்

ஆபீசில் எல்லோருக்கும் அனுப்பலாமென்று என் கல்யாணப் பத்திரிகையை, மூலையில் தடவிய மஞ்சளோடு, ஸ்கேனரில் வைத்தேன். தப்பு அதுதான். எங்கள் பம்ப் கம்பெனியில் ஸ்கேனரில் விழுந்தது எல்லாம் ஃபைலாகிவிடும். யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில் என்று இருந்ததால், ஃபைல் பார்க்கும் ஏ.ஐ. மெஷின் அதைப் பர்ச்சேஸ் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டது.

பத்தே நிமிஷத்தில் மண்டபத்துக்கும் அதன் சமையல் கான்ட்ராக்டருக்கும் 'நிறுத்தி வைக்கவும்' என்று கடிதம் போயிற்று. அங்கே இருந்ததும் இதே மாதிரி மெஷின்கள்தான், மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டன.

எனக்கு வந்தது கேள்வி: 'மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு கொட்டேஷன் உள்ளது. விதிப்படி மூன்று வேண்டும். இவரையே தேர்ந்தெடுத்த காரணம்?'

மண்டபத்துக்காரர் போன் பண்ணியதும் அப்பா மூச்சிரைக்க ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நாலு நாள்ல முகூர்த்தம் அம்மிணி! நல்ல குடும்பம்னு எழுது."

எழுதினேன். 'இது சப்ளையரின் தகுதி. பொருளின் தகுதியைக் குறிப்பிடவும்.'

"ஜாதகம் பொருந்துச்சுன்னு போடு."

போட்டேன். 'இது வெளியாள் சான்றிதழ். உபயோகிப்பவரின் ஒப்புதல் எங்கே?'

"உபயோகிக்கிறவரா? அது யாரு?" என்றார் அப்பா.

"நாந்தானுங்கப்பா."

அப்பா ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு, பெண் பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக, என்னைப் பார்த்தார்.

நான் நிதானமாகத் தட்டினேன்: 'மற்ற இரண்டு கொட்டேஷனும் வரட்டும்.'

சாதாரணமாக ஒரு ஃபைல் பாஸாக மூன்று நாளாகும். இந்தப் பதில் உடனே பாஸாகிவிட்டது.