ஞாயிற்றுக்கிழமைப் புகை

"குனிஞ்சு வாங்க. புகை மேலதான் இருக்கும். யாரும் ஓடாதீங்க" என்றார் மாமனார்.

கூரையில் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. மகனும் பேத்தியும் சோற்றுத் தட்டோடு குனிந்தபடி மாடிப்படிக்கு வந்தார்கள். மருமகள் கோழிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். அவர் கையிலும் தட்டு. வெறும் சோறு.

மாமனார் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைகளை எண்ணினார். தையல்காரரையும் சேர்த்தே எண்ணினார். பிறகு ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஜன்னல்களைத் திறக்க உள்ளே போனார்.

பெரிய சமையல் ஒன்றுமில்லை. கோழியைச் சுட்டு எடுத்து, சர்க்கரையை அடுப்பில் சிவக்க விட்டு மேலே ஊற்ற வேண்டும். அந்தச் சர்க்கரைதான் ஞாயிறு தவறாமல் கருகியது.

அடுப்பில் வைத்துவிட்டு எங்கேதான் போவாய் என்று மருமகளிடம் அவள் கணவன் கேட்டான். துணி எடுக்கப் போனேன் என்றாள். போன வாரம் போன் வந்தது என்று சொல்லியிருந்தாள்.

"அடுப்பு பத்த வைக்கலாம்" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது.

மருமகள் போய்ப் புதிதாகச் சர்க்கரை வைத்தாள். தேன் நிறத்தில் இறக்கிக் கொண்டுவந்து படியிலேயே எல்லோருக்கும் ஊற்றினாள்.

"புகை போட்ட கோழின்னு கடையில இதுக்குத் தனி விலை" என்றார் தையல்காரர்.

"ரெண்டாவது தடவை வருதுல்ல? அது முதல் தடவையே வந்தா என்ன?" என்றான் கணவன். "அடுத்த வாரம் நான் சமைக்கிறேன். கருகிச்சுன்னா இனிமே வாயே திறக்க மாட்டேன். கருகலைன்னா ஞாயித்துக்கிழமை அடுப்பு என்னோடது. எல்லாரும் மேஜையில உக்காந்து மனுஷங்க மாதிரி சாப்பிடலாம்."

மேல்படியில் உட்கார்ந்திருந்த மாமனார் மெல்லுவதை நிறுத்தினார்.

மற்ற நாட்களில் அவர் அணைத்துவைத்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் 'ம்' என்பார். அந்த வாரம் அந்த 'ம்'மும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவன் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டான். கோழி சுட்டாயிற்று. சர்க்கரையைச் சின்னத் தீயில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மாமனார் தண்ணீர் குடிக்க வந்தார். மகனைப் பார்த்தார். குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். மறுபடி குடித்தார்.

"அப்பாவுக்கு ஏன் இவ்வளவு தாகம்? டாக்டர்கிட்ட காட்டணும்" என்றான் கணவன்.

"காட்டலாம்" என்றாள் மருமகள். "இன்னிக்கு அலாரம் இல்லைன்னு கீழ்வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"அதை எதுக்கு சொல்லணும்?"

"சோத்தைப் போட்டுக்கிட்டுக் காத்திருப்பாருங்க. பாவம்."

அவன் வாணலியை எட்டிப் பார்த்தான். சர்க்கரை இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"ஒரு நிமிஷத்துல வந்துடறேன். நீ தொடாதே."

"நான் ஏன் தொடறேன்?"

அவன் இறங்கிப் போனான். அவள் கூடத்துக்கு வந்தாள். மாமனார் டம்ளரோடு எதிரே வந்தார். டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

சமையலறையில் அடுப்பின் திருகு கிறீச்சிட்டது. தீயின் சத்தம் உயர்ந்தது.

அவள் வாசலில் குனிந்து, எல்லோருடைய செருப்புகளையும் படியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.