அட்டையில் ஒரு மலை

"தோலோட நிறுத்திக்க தம்பி. வயித்துக்குள்ள கத்தி போயிடக் கூடாது" என்று கெஞ்சினாள் தஸ்ஸாதித்.

"எத்தனை பேருக்குக் கத்தி வச்ச கை இது! பயப்படாதக்கா" என்றான் மெஸ்யான்.

மேசையில் கிடந்தது ஆள் இல்லை, கனத்த அட்டை போட்ட ஒரு புத்தகம். பழைய புத்தகங்களை மலையாகவும் பள்ளத்தாக்காகவும் செதுக்குகிற சிற்பி மெஸ்யான். நம் மொழிகள் கரைந்துபோவதைக் காட்டுகிற சிற்பங்கள் என்று அல்ஜீரியாவின் பெஜாயா நகரம் முழுக்க அவனுக்குப் பேர்.

தஸ்ஸாதித் நகர நூலகத்துக்காரி. மேசையில் கிடந்த புத்தகம் அவள் மலைக்கிராமத்துப் பேச்சின் அகராதி. வாத்தியார் ஒருவர் முப்பது வருடம் வீடு வீடாகக் கேட்டுக் கையால் எழுதியது, வேறு பிரதி கிடையாது.

பத்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகமெல்லாம் நாளைக் காலை காகித ஆலைக்கு என்று உத்தரவு. ஒன்று குறைந்தாலும் அவள் வேலை போய்விடும். சிற்பத்துக்குக் கொடுத்தது என்றால் மட்டும் விடுவார்கள்.

"அட்டையில மட்டும் ஒரு மலையைச் செதுக்கு. கண்காட்சி முடிஞ்சதும் வாங்கிட்டுப் போய் அச்சுப் போட்டுடறேன். உள்ள ஒரு எழுத்து போச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

"போகாதுக்கா. என் பொறுப்பு."

கண்காட்சிக்கு அவளுடைய மேலதிகாரி பெல்காசெம் வந்தார், சந்தேகப் பிராணி. "மேலாப்புல கீறிட்டுச் சிற்பம்னு ஏமாத்தறீங்களா?" என்று அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். ஒரு தாள்கூட அசையவில்லை.

"ம், சிற்பம்தான்" என்று வைத்துவிட்டார். 'கரையும் பண்பாடு' என்று கீழே எழுதியிருந்ததைப் படித்து, "ஐயோ பாவம்" என்று வேறு உச்சுக்கொட்டினார், அத்தனையையும் ஆலைக்கு அனுப்பிய மகராசன். தஸ்ஸாதித் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் ஓடிவந்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பிழைச்சிடுச்சு தம்பி! நீ நல்லா இருக்கணும். ஆலிவ் பழுக்கறதுக்கே எங்க ஊர்ல ஏழு வார்த்தை இருக்கு, இரு, படிச்சுக் காட்டறேன்."

அட்டையைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். நகம்தான் உடைந்தது.

மெஸ்யான் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா... செதுக்கும்போது நகரக் கூடாதுன்னு, எப்பவும் போல தாளுக்குத் தாள் பசை போட்டு ஒட்டிட்டேன்."