ஒரு வாளி பச்சைத் தண்ணீர்

“முப்பத்தொரு வருஷமா வண்டி ஓட்டுறவன் செய்யற வேலையாடா இது?”

பெரியவர் போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. டிரைவர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

பெஞ்சின் மேல் இன்ஜின் பிளாக் கிடந்தது. பெரியவரின் அறுபது வருஷத்துப் பழைய காரிலிருந்து இறக்கியது. அதன் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

“கொதிச்சுக்கிட்டிருந்த இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தியிருக்கான். அவனே ஒத்துக்கிட்டான்” என்றார் பெரியவரின் மகன்.

மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்காது. “ஏண்ணே, ஸ்டியரிங் பிடிச்ச முதல் வாரமே சொல்லித் தந்திருப்பாங்களே? சூட்டுல இருக்கற வார்ப்பிரும்புல குளிர்ந்த தண்ணி பட்டா விரிசல் விட்டுடும்னு. தூக்கக் கலக்கமா?”

“தப்புதான் தம்பி” என்றார் டிரைவர்.

“தப்பாம் தப்பு! இதுக்கு மாத்து பிளாக் எங்கடா கிடைக்கும்? இது சரியானா பார்க்கலாம். ஆகலைன்னா என் வாசல்ல காலை வெக்காதே!”

பெரியவர் கிளம்பிவிட்டார்.

வெல்டிங் வைத்தால் சூட்டில் விரிசல் இன்னும் ஓடும். அதனால் மெக்கானிக் தையல் போட்டான். விரிசல் மேலேயே வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணியை இறக்கி, தலையை அறுத்து, பக்கத்துத் திருகாணியைக் கொஞ்சம் கடித்தாற்போல அடுத்த துளை. அவசரப்பட்டால் அத்தனையும் பாழ்.

டிரைவர் தினமும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். வேலை போன அன்றே, கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறையையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார் மகன். இப்போது அவரும் மனைவியும் மச்சினி வீட்டுக் கூடத்தில் படுக்கிறார்கள். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால், “ஓ, பச்சைத் தண்ணி ஊத்தினவரா?” என்று சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இந்த மாதிரிச் செய்திக்குத்தான் கால் முளைக்கும்.

“எத்தனை திருகாணி ஆச்சு தம்பி?”

“முப்பத்தாறு. நீங்க எண்ணிக்கிட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிடுமா?”

“இந்தத் தையல் தாங்கிட்டா ஐயா என்னைக் கூப்பிட்டுக்குவாரு. அவரு கோபம் எனக்குத் தெரியும்.”

ஒன்பதாம் நாள் ஒரு வேன் இன்ஜின் கொதித்து ஆவியைக் கக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றது. ஓட்டி வந்தவன் குதித்து இறங்கி, பானெட்டைத் தூக்கிவிட்டு, குழாயடியில் இருந்த வாளியோடு ஓடினான்.

டிரைவர் ஒரே பாய்ச்சலில் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ரேடியேட்டர் மூடியில கை வெக்காதே! வாளியைக் கீழே வை. அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, வெதுவெதுன்னு கொஞ்சம் கொஞ்சமா ஊத்து.”

மெக்கானிக் கையிலிருந்த டிரில்லை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். அன்றைக்கு முழுக்க அவன் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

சோதனை நாளும் வந்தது. பிளாக்கின் தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தையல் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

இன்ஜினைப் பூட்டி முடித்ததும் பெரியவரும் மகனும் வந்தார்கள். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன். பெரியவர் காரைச் சுற்றி வந்தார். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

டிரைவர் மெல்ல முன்னால் வந்தார். “ஐயா, நாளைக்குக் காலையில வந்துடட்டுமா?”

சிரிப்பு நின்றுபோனது. “எதுக்கு? மறுபடியும் உடைக்கவா? உன் மூஞ்சியையே பார்க்கப் பிடிக்கலை, போடா.”

வெள்ளைச் சட்டை ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். கார் போய்விட்டது.

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட் வரைக்கும் ஓடிப்போய் டிரைவரை மறித்தான்.

“அண்ணே, நீங்க ஊத்தலை. அன்னிக்கு வேன்காரன் கையைப் பிடிச்சீங்களே, அந்தக் கை இந்தத் தப்பைச் செய்யாது. பெரியவர் மகன், அந்தச் சின்னவர்தானே ஊத்தினாரு?”

“அவருக்கு பானெட்டைத் திறக்கவே தெரியாது தம்பி.”

“பூசி மெழுகாதீங்க. இப்பவே பெரியவருக்கு போன் போடறேன்.”

டிரைவர் அவன் கையிலிருந்த போனைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்ப்பா. சின்னவர் முதியோர் இல்லத்துல இடம் பார்த்து வெச்சிருக்காரு. அப்பாவுக்கு புத்தி தடுமாறிடுச்சுன்னு சொல்ல ஒரு சாக்கு கிடைச்சாப் போதும், கொண்டுபோய்த் தள்ளிடுவாரு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

டிரைவர் கார் போன திசையைப் பார்த்தார்.

“ஐயாதான் ஊத்தினாரு. ஊத்திட்டு, காலி வாளியைக் கையில வெச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பி, ‘எவன்டா இதுல பச்சைத் தண்ணி ஊத்தினவன்?’னு கேட்டாரு. நான்தான் ஐயான்னு சொல்லிட்டேன்.”