ஒட்டாத எலும்பு

கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டரம்மா பிணவறையிலிருந்து வெளியே வந்தார். கற்பகத்தின் விரல்கள் வேலுத்தாயின் மணிக்கட்டை இறுக்கின.

காலையில் ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூம் ஒன்று வெடித்துத் தரைமட்டமானது. இடிபாட்டுக்குள் ஒரே ஓர் உடல்தான் கிடைத்தது. உடல் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான்.

கற்பகத்தின் புருஷன் ராக்கப்பன் அந்த ரூமில்தான் வேலை பார்த்தான். அவனை இன்னும் காணவில்லை.

வேலுத்தாய் பக்கத்து வீட்டுக்காரி. சேதி கேட்டதும் தீப்பெட்டி ஆபீஸ் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கற்பகத்தை வேனில் ஏற்றிக் கூட்டிவந்தவள் அவள்தான். தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். கற்பகம் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு ஒவ்வொரு நேர்த்திக்கடனாக நேரும்போது, "கட்டாயம் செஞ்சிருவோம்" என்று கூடவே சொன்னாள்.

நல்லவேளை, நம் வீட்டில் யாரும் மருந்தைத் தொடுவதில்லை என்று நடுவில் ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்திலேயே அவளுக்குக் கூசிவிட்டது. கற்பகத்தை இன்னும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு கற்பகத்தின் முன்னால் வந்து நின்றார்.

"முகத்தை வச்சோ கை காலை வச்சோ ஒண்ணும் சொல்ல முடியலைம்மா. இடுப்பெலும்பு மட்டும் முழுசாக் கிடைச்சிருக்கு. ஆம்பளைக்கு அது குறுகலா, ஒசரமா இருக்கும். இது அகலமா விரிஞ்சிருக்கு." இரண்டு கைகளையும் கிண்ணம்போல் விரித்துக் காட்டினார். "உங்க வீட்டுக்காரர் இல்லை. பொம்பளை."

கற்பகத்துக்கு அது தலைக்குள் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப அவுக உசுரோட இருக்காக, மதினி!"

"நாந்தான் சொன்னேன்ல தாயி! சத்தத்துக்குப் பயந்து காட்டுப் பக்கம் ஓடியிருப்பாக. பொழுது சாயுறதுக்குள்ள வந்து நிப்பாக பாரு."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வேலுத்தாய்க்கு இப்போதுதான் வந்தது.

இன்ஸ்பெக்டர், கம்பெனி போர்மேன் ஊர்க்காவலனிடம் திரும்பினார்.

"அப்ப இது யாருய்யா?"

ஊர்க்காவலனின் சட்டையெல்லாம் கரி. வெடித்ததும் கேட்டில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தவன் அவன்தான். பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தான். இப்போதும் அதையே சொன்னான். குரல்தான் எழும்பவில்லை.

டாக்டரம்மா இன்னும் முடித்திருக்கவில்லை.

"பொம்பளைன்னு சொன்னேன். சின்னப் பொண்ணுன்னு சொல்லணும். இடுப்பெலும்போட மேல் விளிம்பு இன்னும் ஒட்டவே இல்லை. தொடையெலும்போட உருண்டைத் தலை மூட்டுக் குழிக்குள்ள இருந்ததால கருகாமத் தப்பிச்சிருக்கு. அதுவும் இப்பத்தான் தண்டோட சேர ஆரம்பிச்சிருக்கு. பதினஞ்சு வயசு இருக்கும். மிஞ்சினா பதினாறு."

வேலுத்தாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கற்பகத்தை விட்டுவிட்டு எழுந்தாள்.

"அடப் பாவிகளா! பச்சப் புள்ளயவா மருந்து ரூமுக்குள்ள விட்டீக? அதப் பெத்தவ இந்நேரம் ஒண்ணும் தெரியாம எங்கன வேலை பாத்துக்கிட்டு இருக்காளோ!"

ஊர்க்காவலன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனும் அதே தெருக்காரன்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் தோளைப் பிடித்து உலுக்கியும் அவன் கண் வேலுத்தாயைவிட்டு நகரவில்லை.

"ஒங்க எழிலு, லீவுக்கு மட்டும் வாரேன்னு கெஞ்சுச்சுக்கா," என்றான். "அம்மாட்ட தையல் கிளாசுன்னு சொல்லிக்கிடுறேன்னுச்சு."